ஆச்சு என்றால் என்ன ஆச்சு?

பானை நிறைய சூப் இருந்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தாயிற்று. அப்புறமும் பானை நிறைய சூப் இருந்தது.

பட்டாணி மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடியும் திறந்து பார்த்தாள். ஆரஞ்சு நிற சூப் ஆடாமல் அசையாமல் அப்படியே இருந்தது. அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பட்டாணி என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. பிறந்தபோது உருண்டையாக இருந்தாளாம். அப்பா விளையாட்டாகக் கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது அவளுக்குப் பத்து வயது, உருண்டையாகவும் இல்லை. இருந்தாலும் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு எங்கேயும் அவளை நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது.

அவளுடைய அப்பா ஹீட்டர் பழுதுபார்க்கும் மெக்கானிக். அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. குளிர்காலம் வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. யார் வீட்டு ஹீட்டர் மக்கர் பண்ணினாலும் அப்பாவின் போன் அலறும். யார் தும்மினாலும் அம்மாவின் கடை வாசலில் வந்து நிற்பார்கள். அண்ணனுக்கோ அது பெரிய பரீட்சை வருடம். பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் இன்னொரு டியூஷன்.

போன குளிர்காலத்தில் அந்த வீட்டில் அடுப்பு பற்றவைப்பதே அபூர்வம். பாக்கெட்டைப் பிரித்து வெந்நீர் ஊற்றுவது, பன்னைக் கடித்துக்கொண்டே காலுறை மாட்டுவது என்று காலத்தை ஓட்டினார்கள். அண்ணனுக்கு இருமல் வந்தது. அது பட்டாணிக்குத் தாவியது, அவளிடமிருந்து அப்பாவுக்குப் போனது. கடைசியில் அம்மா மருந்துக்கடையிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டாள். மருந்து வாங்க வந்தவர்கள் மருந்து கொடுப்பவளுடைய முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று.

அதனால்தான் இந்த வருடம் மாமா வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெயின்டர். குளிரில் சுவரில் பெயின்ட் சீக்கிரம் காயாது, ஆகவே குளிர்காலத்தில் பெயின்டருக்குப் பெரிதாக வேலையும் இருக்காது. நான் வந்து எல்லோருக்கும் சமைத்துப் போடுகிறேன், இந்த வருடம் யாரும் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பிரஷ் பையும் கம்பளியுமாக வந்து இறங்கினார். பட்டாணிக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. மாலையில் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரும்போது, குளிர்காற்று அவள் முகத்தில் அடிக்கக் கூடாது என்று அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் நடக்கவிட்டுக் கூட்டி வருகிற மாமா வேறு யாருக்கு இருக்கிறார்?

மாமா சமையலே தனி. அவர் நிறம் பார்த்துத்தான் சமைப்பார். கேரட்டும் பரங்கிக்காயும் வெந்தால் ஆரஞ்சு. கீரையும் பட்டாணியும் வெந்தால் பச்சை. பீட்ரூட் வெந்தால் சிவப்பு. கரண்டியில் மொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "இன்னும் ஒரு கேரட் விழணும். அப்பத்தான் கலர் நிக்கும்" என்பார்.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாமா கரண்டியும் கையுமாக நின்றுகொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லா இருக்கு என்றார் அப்பா. நல்லா இருக்கு என்றாள் அம்மா. அண்ணன் தலையாட்டினான். பட்டாணியும் நல்லா இருக்கு என்றுதான் சொன்னாள். மாமாவுக்கு முகமெல்லாம் பல்.

திங்கட்கிழமையிலிருந்து ஆளுக்கொரு நேரம் ஆகிவிட்டது. மாமா சூப்பை அடுப்பின் மேல் வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்விடுவார். அங்கே ஒரு பழைய அலமாரிக் கதவில் உரிந்து தொங்கிய பெயின்டைச் சுரண்டுவது அவருடைய மாலை வேலை. வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும், அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு" என்று பதில் வரும். இப்படி ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு 'ஆச்சு' வந்தபிறகு மாமா திருப்தியாகச் சமையலறைக்கு வருவார். வந்து பார்த்தால் பானை நிறைய சூப்.

அளவு தெரியாமல் நிறைய வைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தார். மறுநாள் குறைத்து வைத்தார். அதுவும் அப்படியே இருந்தது. சின்னப் பானையில் வைத்தார். சின்னப் பானை நிறைய இருந்தது. மிஞ்சியதையெல்லாம் டப்பாவில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைக்க வைக்க, அதைத் திறந்தால் பெயின்ட் கடை மாதிரி இருந்தது. "நம்ம வீட்டுல அட்சய பாத்திரம் இருக்கு" என்று அண்ணன் கிண்டலடித்தான். நீ சாப்பிட்டாயா என்று பட்டாணி அவனைக் கேட்டாள். ஆச்சு என்று சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொண்டான்.

பட்டாணி இதை விடுவதாக இல்லை. பானைக்குள்ளே ஒரு கீறல் இருந்தது. வியாழக்கிழமை மாலை சூப் சரியாக அந்தக் கீறலைத் தொட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து வைத்துக்கொண்டாள். பிறகு கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். ஒவ்வொருவராக வந்தார்கள். பின்னறையிலிருந்து மாமா கேட்கக் கேட்க, ஆச்சு, ஆச்சு, ஆச்சு என்று வரிசையாகப் பதில் போனது. தன் காதாலேயே கேட்டாள். எழுந்து போய்ப் பார்த்தால் சூப் அதே கீறலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அண்ணன் குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைக்கிறானா? அப்படியென்றால் நிறம் வெளுத்திருக்குமே. வேறு பானையிலிருந்து யாராவது சாப்பிடுகிறார்களா? வீட்டில் வேறு பானையே அடுப்பில் ஏறவில்லையே. யோசிக்க யோசிக்க அவளுக்குத் தலை சுற்றியது.

அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வந்தார். அவரும் பானைக்குள் பார்த்தார். டப்பாவைத் தேடி எடுத்தார்.

"பட்டாணி, நான் ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பறேன்டா."

அவள் திடுக்கிட்டுப் போனாள். வேறொரு ஊரில் ஒரு கட்டடத்துக்கு உள்பக்கம் பெயின்ட் அடிக்கும் வேலை இருக்கிறதாம், நண்பர் ஒருவர் கூப்பிடுகிறாராம். குளிர்காலம் முடியும்வரை இங்கேயே இருப்பதாகச் சொன்னீர்களே என்று கேட்டாள்.

"இருந்து என்ன பண்ணட்டும்? எல்லாரும் வெளியிலயே வயித்த ரொப்பிக்கிட்டு வந்துடறாங்க. நான் சமைக்கிறது டப்பாவுக்குத்தான். நான் இங்க தேவையே இல்லடா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். கூடத்தில் அப்பா இருமுவது கேட்டது. இந்த வருடத்தின் முதல் இருமல்.

மறுநாள் அவள் சரியாகத் தூங்காத முகத்தோடு பள்ளிக்குப் போனாள். வயிறு வேறு கடமுடா என்றது. பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் தாத்தா கையைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். தினமும் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பது போல, சாப்பிட்டாச்சா கண்ணு என்று கேட்டார்.

"ஆச்சு தாத்தா."

சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். நடந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என்ன ஆச்சு? காலையில் அவள் ஒன்றுமே சாப்பிடவில்லை. அப்படியிருக்க ஏன் ஆச்சு என்று சொன்னாள்? பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லையே. அவர் கேட்டார், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நேற்று ராத்திரி? மாமா பின்னறையிலிருந்து தன்னையும்தானே கேட்டார்? தானும் ஆச்சு என்றுதானே சொன்னாள்? பட்டாணி யோசித்துப் பார்த்தாள். பள்ளி விட்டு வந்ததும் ரொட்டியில் ஜாம் தடவித் தின்றது ஞாபகம் இருந்தது. சூப் ஏன் குறையவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று யோசித்தது ஞாபகம் இருந்தது. சூப்பைக் குடித்தது ஞாபகம் இல்லை. ஏனென்றால் குடிக்கவே இல்லை. திருடனைத் தேடிப் போனவள் தன் சட்டைக் காலரையே பிடித்துக்கொண்டு நின்ற கதையாகிவிட்டது.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் அவள் எழுந்துவிட்டாள். அப்பா போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். காதருகே குனிந்து, அப்பா, சாப்பிட்டாச்சா என்று கேட்டாள்.

"ஆச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார் அப்பா.

அம்மா வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு நின்றாள். அவளிடமும் கேட்டாள். நுரையோடு, "ஆஞ்சு" என்று பதில் வந்தது. அண்ணன்தான் கொஞ்சம் பரவாயில்லை. ஆச்சு என்று சொல்லிவிட்டு, ஷூ லேஸைக் கட்டுவதை நிறுத்தி, "எது?" என்று திருப்பிக் கேட்டான்.

யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் யாரும் சாப்பிடவும் இல்லை. இதை என்னவென்று சொல்வது? அப்பா வேலைக்குக் கிளம்பும்போது, நேற்று நிஜமாக என்னதான் சாப்பிட்டீர்கள் என்று அவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையுறையைப் போட்டுக்கொண்டே, அதான், ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள், கூட பிஸ்கட் கொடுத்தார்கள் என்று இழுத்தார். அப்புறம் என்று கேட்டாள். அப்புறம் இன்னொரு வீட்டில் டீ கொடுத்தார்களாம். சூப் ஏன் குடிக்கவில்லை என்று கேட்பதற்குள் போன் அலறி, அப்பா படியிறங்கிவிட்டார்.

சாயங்காலம் வந்தது. மாமா கடைசி நாள் என்று ஆரஞ்சு சூப் வைத்து இறக்கினார். போவதற்குள் அலமாரிக் கதவை முடித்துவிட வேண்டும் என்று பின்னறைக்குப் போய்விட்டார். அவருடைய கம்பளி மடித்துப் பைமேல் தயாராக இருந்தது.

பட்டாணி சமையலறையில் தனியாக நின்றாள். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பார்த்தாள். கண்ணுக்கு அத்தனை அழகாக இருந்த சூப், நாக்கில் பட்டதும் காணாமல் போய்விட்டது. உப்பு இல்லை. காரம் இல்லை. வெந்த கேரட்டும் வெந்நீரும் மட்டும் தெரிந்தன. முதல் நாளும் இப்படித்தான் இருந்தது என்று அவளுக்கு இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. அன்றைக்கு எல்லோரும் 'நல்லா இருக்கு' என்று சொன்னார்கள். அதற்கப்புறம் யாரும் பானை பக்கமே போகவில்லை.

இப்போது என்ன செய்வது? பேசாமல் தானே உப்பைப் போட்டுவிடலாமா? மாமாவுக்குத் தெரியாமலே போய்விடும். மாமாவிடம் நேராகச் சொல்லலாமா? ஏற்கெனவே நான் தேவையில்லை என்கிறவரிடம், உங்கள் சமையல் சப்பென்று இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? உப்பு டப்பாவைக் கையில் எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.

அம்மா சமைத்த நாட்களில் ஒரு கேள்வி கேட்பாள். அடுப்படியிலிருந்து யாரையாவது கூப்பிட்டு, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, உப்பு பார் என்பாள். அதற்கு மட்டும் யாரும் வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது. நாக்கில் வைத்துத்தான் ஆக வேண்டும்.

பட்டாணி அடுப்பைச் சின்னதாக எரியவிட்டாள். வாசல் கதவு திறந்தது. அப்பா குளிரில் விறைத்த விரல்களோடு உள்ளே வந்தார். அவர் உட்காருவதற்குள் ஆவி பறக்கும் கரண்டியோடு போய் நின்றாள்.

"அப்பா, உப்பு பார்த்துச் சொல்லுங்க."

"ஆச்..." என்று ஆரம்பித்த அப்பா நிறுத்திக்கொண்டார். அந்தப் பதில் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. கரண்டியை வாங்கி ஊதிக் குடித்தார். மேலே பார்த்து யோசித்தார். பிறகு மெதுவாக, "உப்பு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். அவரே சமையலறைக்கு வந்து உப்பைப் போட்டுக் கலக்கினார். ருசி பார்த்தார். இன்னொரு கரண்டி ருசி பார்த்தார். இது சந்தேகத்துக்கு என்று சொல்லி மூன்றாவதும் எடுத்தார்.

அம்மா வந்தாள். உப்பு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் புளிப்பு வேண்டும் என்று குளிர்க்குல்லாயைக்கூடக் கழற்றாமல் எலுமிச்சம்பழத்தைத் தேடினாள். அண்ணன் வந்தான். மிளகு இல்லாமல் இதெல்லாம் ஒரு சூப்பா என்று கேட்டுக்கொண்டே மிளகைத் தட்டத் தொடங்கினான். அடுப்பைச் சுற்றி நெரிசலாகிவிட்டது.

அப்பாவுக்குத் திடீரென்று ஒரு குழப்பம். "நீ தினமும் இதைத்தான சாப்பிட்ட? உப்பு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"நீங்கதான தினமும் சாப்பிட்டீங்க" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் மிளகு தட்டுவதில் மும்முரமாகிவிட்டான். அப்படியானால் இத்தனை நாளாகச் சாப்பிட்டது யார்? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நால்வரும் திருதிருவென்று முழித்தார்கள்.

சத்தம் கேட்டு மாமா வந்து நின்றார். ஒரு கையில் சுரண்டும் தகடு, தலையெல்லாம் பெயின்ட் தூசி. உப்பு டப்பா, எலுமிச்சம்பழம், மிளகு எல்லாம் அவர் கண்ணில் பட்டுவிட்டன. மாமா மனசு நொந்து இப்போதே கிளம்பிவிட்டால்? இருந்தாலும் கரண்டியை நீட்டினாள்.

"மாமா, நீங்களும் உப்பு பாருங்க."

மாமா குடித்தார். புருவத்தைத் தூக்கினார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தார். இது யார் வைத்தது என்று கேட்டார். நீங்கள் வைத்ததுதான் மாமா என்றாள் பட்டாணி.

"நான் வெச்சா இப்படியா இருக்கும்? எனக்கெப்படித் தெரியும், நான்தான் ஒரு நாள்கூட வாயில வெச்சுப் பார்க்கலையே."

"தினமும் நான் கேட்டப்ப நீங்களும் ஆச்சுன்னு சொன்னீங்களே?" என்றாள் பட்டாணி.

மாமா தலையைச் சொறிந்தார். பெயின்ட் தூசி உதிர்ந்தது. "நீங்கல்லாம் சாப்பிட்டு மிச்சம் இருந்தா சாப்பிடலாம்னு இருந்தேன். மிச்சம் முழுசா இருக்கறதப் பார்த்ததும் பசி போயிடும்" என்றார்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி தன் வீட்டிலேயே பட்டினி கிடந்தது தெரியாமல் போய்விட்டதே என்று அவர் தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

"சரிக்கா, அத விடு. இத்தனை நாளா நான் வெச்சது எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்று அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

மாமா பட்டாணி பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடா."

பட்டாணி பானையைப் பார்த்தாள். "கலர் நல்லா இருந்துச்சு மாமா."

மாமாவின் தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று தெரிவதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். அடப்பாவிகளா, சுவருக்கு அடிக்கிற மாதிரியே உங்களுக்கும் அடித்துவிட்டேனா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஐந்து பேரும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து ஆளுக்கொரு கிண்ணத்தை வைத்துக்கொண்டார்கள். அப்பாவின் போன் அடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், முடித்துவிட்டு வருகிறேன் என்று அப்பா சொன்னார். மிளகு அதிகமா குறைவா என்று அண்ணனும் அம்மாவும் சண்டை போட்டார்கள். பட்டாணி இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, மூக்கு ஒழுக ஒழுக மூன்றாவதற்குக் கையை நீட்டினாள்.

கரண்டி பானையின் அடியில் உரசியது. மாமா பானையைச் சாய்த்து மிச்சத்தை வழித்து அவளுடைய கிண்ணத்தில் ஊற்றினார்.

"நாளைக்குப் பச்சை" என்றார்.

பட்டாணி நிமிர்ந்து பார்த்தாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

"நாளைக்கா மாமா?"

"ஆமா. நான் கலர் பார்க்கறேன். நீ உப்பு பாரு."